வரிகளின் நுனியில் ஒரு பெயர்

ஸ்ரீ:

ஜோகுபாளையம், பெங்களூர்
ஸ்ரீமுக வருஷம், வைகாசி 22, ஞாயிற்றுக்கிழமை

அக்காவுக்கு, உன் தம்பி கஸ்தூரிரங்கன் தலை தரையில் படச் சேவித்து எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இன்றைக்கு அந்த ஒரு சொல் எனக்குப் போதவில்லை. ஜெயித்துவிட்டோம் அக்கா. யார், எதில், எப்படி என்று உடனே கேட்காதே. உனக்குத்தான் தெரியுமே, என்னைக் கடைக்கு அனுப்பி உப்பு வாங்கி வரச் சொன்னாலும் உப்பு எந்தக் கடலில் விளைந்தது என்பதிலிருந்து கதை சொல்லுகிறவன் நான். இதையும் அப்படித்தான் சொல்லுவேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில் கல்யாணச் சேதி. வெள்ளிக்கிழமை காலை நல்ல லக்னத்தில் உன் பெண் ருக்மிணிக்கும் சம்பத்துக்கும் விவாகம் நடந்தது. அல்சூர் சத்திரத்தில் எள் போட்டால் எள் விழாது. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் பந்தலின் ஒரு மூலை ஒழுகி, மாப்பிள்ளைவீட்டு ஜமக்காளம் மாத்திரம் நனைந்தது. பெருமாளுக்கும் பக்ஷபாதம் உண்டு என்று அனந்தலக்ஷ்மி என் காதோடு சொன்னாள். பால் போதாமல் திருக்கண்ணமுது இரண்டு தரம் வைக்கும்படி ஆயிற்று. சாத்தமுதில் உப்புக் கொஞ்சம் தூக்கல். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. டெலிகிராப் ஆபீஸில் வேலை என்பதால் பேச்சிலும் சிக்கனம். ஆனால் ருக்மிணி அழுதபோதெல்லாம் தன் உத்தரீயத்தை நீட்டினான். நானும் உன் தம்பி பெண்டாட்டி அனந்தலக்ஷ்மியும்தான் தாரை வார்த்துக் கொடுத்தோம். பெண்ணின் கையைப் பிடித்துத் தண்ணீர் விடும்போது எனக்கு மந்திரம் பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கு நாலு வயசில் அத்திம்பேர் பரமபதித்த நாளிலிருந்து அந்தக் கைக்குச் சோறு போட்டது நீ. தண்ணீர் விட நான் வந்து நிற்கிறேன்.

கோபப்படுகிறேன் என்று நினைக்காதே. கோபம் நேற்றுச் சாயங்காலம் வரை இருந்தது. கல்யாணப் பத்திரிகை எழுதிய அன்றைக்கு மாப்பிள்ளையின் தாத்தா ஆராவமுதன் ஸ்வாமி, அதுவும் தீங்காகச் சொல்லவில்லை, பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்த்துச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: புருஷன் இல்லாதவா பேரைப் பத்திரிகையிலே போடறது வழக்கமில்லே, முகூர்த்தத்தின்போதும் அவா கொஞ்சம் உள்ளேயே இருந்துட்டா நன்னாயிருக்கும் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ கதவுக்குப் பின்னாலிருந்து, அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டாய். மறுவாரமே மைசூரில் சித்தி பெண் வீட்டுக்கு மூட்டை கட்டிவிட்டாய். அம்மா இல்லாமல் மணையில் உட்காரமாட்டேன் என்று அடம் பிடித்த ருக்மிணியையும் நீயே சமாதானம் செய்தாய்.

போகும்போது என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய். மௌனம் கலக நாஸ்தி, கல்யாணக் கூடத்தில் என் பேரை நீ வாயெடுத்துச் சொல்லக் கூடாது, எவரோடும் சண்டைக்கு நிற்கக் கூடாது, பெண் அந்த வீட்டில் வாழ வேண்டியவள் என்றாய். பெருமாள் முன்னால் கையடித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது பையன்களை அதட்டுகிற தமிழ்ப் பண்டிதன் பெட்டிப்பாம்பாக அடங்கி நின்றதைப் பார்த்து உனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்திருக்கும்.

இந்த ஆராவமுதன் ஸ்வாமியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஒரு பித்து. சனிக்கிழமை இங்கிலீஷ் பத்திரிகையில் அக்ராஸ்டிக் என்று ஒரு புதிர் வரும். துப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கண்டுபிடித்து வரிசையாக எழுதினால், அவற்றின் முதலெழுத்துகள் மேலிருந்து கீழே சேர்ந்து வேறொரு சொல்லைக் காட்டும். அது விடை. சனிக்கிழமை காலையில் அவர் வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் புதிரை முடித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாராம்.

நீ மைசூர் போன பிறகு, சீர் பேசப் போன அன்றைக்கு என்னை உட்கார்த்தி வைத்து எனக்கே பாடம் நடத்தினார். அக்ராஸ்டிக் என்பது கிரேக்கச் சொல்லாம். வரியின் நுனி என்று அர்த்தமாம். நுனி தெரிந்தவனுக்குத்தான் மரம் தெரியுமாம். இதெல்லாம் சரி, உங்க தமிழ்லே இந்த மாதிரி சாமர்த்தியம் ஏதாவது உண்டோ பண்டிதரே என்று கேட்டார். கேட்டது தமிழில், கேட்ட தோரணை சர்க்கார் கச்சேரியில்.

விடுவேனா? பாட்டின் எழுத்துகளைத் தேர்போலவும், முரசுபோலவும், பின்னிக்கிடக்கிற பாம்புபோலவும் கட்டங்களில் அடைத்துக் காட்டுகிற சித்திரகவியைச் சொன்னேன். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு ஒளிந்துகிடக்கிற கரந்துறை பாட்டைச் சொன்னேன். அதெல்லாம் பழங்கதை, இப்போ நோடோணா, பாத்துடலாம் என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்துவிட்டு ஒரு சவால் போட்டார். கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் வாழ்த்துப்பா அச்சடிக்க வேண்டும். மாப்பிள்ளைவீட்டுப் பாட்டின் வரி நுனிகளில் சம்பத் என்ற பெயர் இறங்கும். பெண்வீட்டுப் பாட்டில் ருக்மிணி இறங்க வேண்டும். புள்ளி எழுத்துக்கு மாத்திரம் சலுகை, ம் வேண்டிய இடத்தில் ம வரலாம். இறக்கிவிட்டால் எனக்குச் சரிகைச் சால்வை.

அக்கா, ணி என்ற எழுத்தில் தமிழில் ஒரு சொல்லும் தொடங்காது. ரு என்பதற்கு முன்னாலும் ஓர் உ போட்டுத்தான் எழுத வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழியைத் தூக்கிப் போட்டார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனால் உனக்குக் கொடுத்த சத்தியம் இருந்ததே, அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தியோடரிடம் புலம்பினேன். எங்களோடு வேத பாடம் நடத்துகிற தியோடர் மாஸ்டர்தான். கிறிஸ்துமஸுக்கு உனக்கென்று தனியாக முட்டை சேர்க்காத பலகாரம் அனுப்புவாரே, அவர். என் மனசில் உறுத்தியது ணி இல்லை, கல்யாணப் பத்திரிகையில் இல்லாத உன் பெயர் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஆறுதல் சொல்லாமல் சரித்திரம் சொன்னார். இந்த நுனியெழுத்து வித்தை கிரேக்கருக்கும் முந்தியதாம். எபிரேயர்கள் தங்கள் நகரம் இடிந்து நாசமானபோது பாடின ஒப்பாரியை அவர்களுடைய அகரவரிசையிலேயே அமைத்தார்களாம், ஒவ்வோர் அடியும் அடுத்த எழுத்தில் தொடங்கும்படியாக. துக்கத்தில் புத்தி தடுமாறினாலும் அடுத்த அடி மறக்காமல் நாவுக்கு வரும் என்பதற்காக.

பிறகு ரோமாபுரிக் கதை. முதல் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆண்டவர் பெயரை வெளியில் சொன்னால் தலை போகும் காலம். அவர் இன்னார், தேவகுமாரன், இரட்சகர் என்று சொல்லுகிற கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் மீன் என்று வருமாம். அதனால் எதிரே வருகிறவனிடம் ஒன்றும் பேசாமல் மணலில் ஒரு மீனைப் போட்டுக் காட்டுவார்களாம். வாயாலே சொல்லக் கூடாத பேரைச் சொல்றதுக்குத்தான் சார் இந்த வித்தையே பொறந்துச்சு, சனிக்கிழமை பேப்பருக்காக இல்லை என்றார் தியோடர்.

அந்த இடத்திலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைக்க மறந்து வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டேன்.

நாலே வரி. ஆனால் எழுத ஒரு வாரம் பிடித்தது. பிளாக்பள்ளியில் தியோடருடைய மைத்துனர் நடத்துகிற அச்சாபீஸில் ரோஜா நிறக் காகிதத்தில் அடிக்கக் கொடுத்தேன். நுனி எழுத்துகளைச் சிவப்பில் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அனந்தலக்ஷ்மிக்குக்கூடக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் முகமே ஊருக்குச் சொல்லியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நலங்கு முடிந்து வாழ்த்துப்பா படிக்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளைவீட்டுப் பாட்டு முதலில். ஆராவமுதன் ஸ்வாமியே படித்தார். குறை சொல்லக் கூடாது, நல்ல சாரீரம். பாட்டு முடிந்ததும் நுனி எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கூவினார். பெயர் சேர்ந்ததும் கூடத்துக் குழந்தைகள் அதை மூன்று தரம் உரக்கக் கத்த வேண்டும், உடனே தவில்காரர் கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கமாம். அப்படியே சம்பத் சம்பத் சம்பத் என்று கத்தினார்கள், மேளம் முழங்கியது. சம்பத் வெட்கத்தில் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது நம் முறை. நான் காகிதக் கட்டைப் பிரித்து முதல் பிரதியைப் பெரியவர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் பாட்டைப் படிக்கவே இல்லை. அவருக்கு வேண்டியது ணி. பண்டிதர் எங்கே வழுக்கி விழுந்தார் என்று கூட்டத்துக்குக் காட்ட வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதோ பாருங்கோ என்று எல்லோரையும் அழைத்து, வரி நுனியில் விரலை வைத்தார்.

வே என்றார். நெற்றி சுருங்கியது. த என்றார். கூடத்துக் குழந்தைகள் முன்னால் நெருங்கினார்கள். வ என்றார். குரல் பாதியாக இறங்கிவிட்டது. ஆனால் புதிர் போடுகிறவன் பாதியில் நிறுத்த முடியுமா? விரல் தானாகவே கீழே இறங்கியது. தி.

அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் நான் பொறுப்பில்லை. குழந்தைகளுக்கு என்ன தெரியும்? நாலு எழுத்தும் கேட்டார்கள், சேர்த்தார்கள், சத்திரத்துக் கூரை அதிர மூன்று தரம் கத்தினார்கள். ஜோகுபாளையத்துக் குழந்தைகளுக்கு அது தெரிந்த பெயர் வேறு, உன் கையால் அப்பளம் வாங்கித் தின்ற கூட்டம். அதனால் நாலாம் தரமும் கத்தின. தவில்காரர் சொன்ன வேலையைச் செய்கிறவர். கொட்டினார் பார் கெட்டிமேளம்! தாலி கட்டும்போதுகூட அப்படிக் கொட்டவில்லை. பத்திரிகையில் ஒரு மூலையில்கூட இடமில்லாமல் போன பெயர் அக்கா, நாதஸ்வரமும் மேளமுமாக அல்சூர் ஏரி வரைக்கும் கேட்டது.

ருக்மிணி தலைநிமிர்ந்தாள். மூன்று நாளாக நான் காணாத முகம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். அனந்தலக்ஷ்மி தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, இதென்ன அபசகுனம் என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மேளம் ஓய்ந்தது. எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உன் பெண் நாளைக்கு இவர் வீட்டில்தானே அடுப்பு மூட்ட வேண்டும், கெடுத்துவிட்டேனோ என்று.

அவர் காகிதத்தை மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. கண்ணாடியை மறுபடியும் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இந்தத் தடவை பாட்டை மேலிருந்து மெதுவாகப் படித்தார். உனக்கும் எழுதுகிறேன்:

வேலியாய் நின்று வெயில்பல தாங்கித்
தன்பசி மறந்து தளிரினைக் காத்து
வளர்த்தவள் கைநீர் வாழ்த்தென வழியத்
திருமகள் பூத்தாள் திசையெலாம் மணமே.

மூன்றாவது வரியில் அவர் குரல் நின்றுவிட்டது. தாரை வார்த்தபோது எனக்கு நின்ற அதே இடம். சம்பத் எழுந்து போய்த் தாத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நாலாவது வரியை இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள்.

அப்புறம் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். பண்டிதரே, ருக்மிணியை இறக்கச் சொன்னேன், நீர் வேறே ஒருத்தரை இறக்கிட்டீர், பந்தயப்படி சால்வை உமக்கில்லே என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் கையை உயர்த்தினார். எங்கம்மாவும் அப்படித்தான், என் கல்யாணத்தை மேல்கோட்டை வீட்டுச் சமையலுள்ளு ஜன்னல் வழியாத்தான் பாத்தா, என் பத்திரிகையிலேயும் அவ பேர் இல்லே, இத்தனை வருஷம் அதை நான் ஒரு தரமாவது நினைச்சுப் பாத்தேனா என்றார். வேறு யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. நான் கீழே விழுந்து சேவித்தேன். சண்டைக்கு நின்றவனாக இல்லாமல், நிஜமாகவே.

பிறகு பழைய கச்சேரிக் குரல் திரும்பிவிட்டது. உத்தரவுகள் பறந்தன. சால்வை விடையைப் போட்டவருக்கு இல்லை, விடைக்கே சொந்தம். அது அவர் பெட்டியில் காத்திருக்கும். வியாழக்கிழமை மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீட்டில் பெண் கிருகப்பிரவேசம். நிலைப்படியில் சம்பந்தியம்மாள் வந்து நிற்காமல் நாட்டுப்பெண்ணை உள்ளே அழைப்பதில்லை. அவள் கையால்தான் முதல் விளக்கு. இதிலே யாருக்காவது ஆக்ஷேபணை உண்டோ என்று அந்த அத்தையின் பக்கமாகத் திரும்பிக் கேட்டார். ஆகலி, ஆகலி என்று சமஸ்தானத்துச் சிநேகிதர்கள் கன்னடத்தில் ஆமோதித்துக் குரல் கொடுத்தார்கள். அத்தை வெற்றிலையை மும்முரமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் பெருந்தன்மைக்குச் சொல்லுவார்கள், நாம் அதைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கலாமா என்பாய். முழங்கால் வலி என்பாய். சித்தி பெண் வீட்டில் ஊறுகாய் போடுகிற சமயம் என்பாய். இப்படி ஒதுங்கி ஒதுங்கியே உனக்குப் பழகிவிட்டது அக்கா, அதுதான் எனக்கு ஆற்றாமை. வாழ்த்துப்பா படித்த பிறகு உன் பெண் என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அம்மாவுக்கு இது கேட்டிருக்குமா மாமா? மைசூருக்குக் கேட்டிருக்காதே என்றேன். அப்போ எழுதுங்கோ என்றாள். அதற்காகத்தான் இந்த விடியற்காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்னொன்று. உனக்குக் கொடுத்த சத்தியத்தை நான் மீறவில்லை. கூடத்தில் உன் பெயரை நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொன்னவர் ஆராவமுதன் ஸ்வாமி, கத்தினது ஊர்க் குழந்தைகள். இந்தக் கடிதத்திலும் அதைச் சேர்த்து எழுதவில்லை, வேண்டுமானால் திரும்பப் படித்துப் பார். உறையின் மேல் மாத்திரம் எழுதியாக வேண்டும். அதை எப்போதும்போலச் சித்தி பெண்ணின் புருஷன் மேல்பார்வை என்று போட்டு மறைக்கப் போவதில்லை. உன் பெயரை முழுசாக, முதல் வரியில், தபால்காரர் தெருமுனையிலிருந்தே படிக்கும்படிப் பெரிதாக எழுதப் போகிறேன்.

அனந்தலக்ஷ்மி உன்னைச் சேவிக்கிறாள். நீ வராவிட்டால் கடைசி டின் அதிரசத்தைத் திறக்கமாட்டாளாம். என்னை ஆசீர்வதிக்கிற இடத்தில் இருக்கிறவள் நீ. உன்னிடம் நான் வேறென்ன கேட்பேன்? இந்தத் தரம் கதவுக்குப் பின்னால் நிற்காதே.

என்றும் உன் வாலாட்டாத தம்பி,
கஸ்தூரிரங்கன்

பி.கு. ருக்மிணி காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். அவளும் நாலு வரி எழுதியிருக்கிறாள். புள்ளி எழுத்துக்குச் சலுகை கொடுத்து, நுனியில் விரலை வைத்துப் படி.

அடுத்த வண்டியில் ஏறு.
மறுபேச்சுப் பேசாதே.
மாப்பிள்ளை ஸ்டேஷனில் காத்திருப்பார்.
வாசலில் நான் நிற்கிறேன்.